‘ஹவ்’ என்ற ஆங்கில வினையும் ‘எனக்கு’ என்ற தமிழ்ச் சொல்லும்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளை முதல் மாதத்திலேயே சந்திக்கும் வினைகளுள் ‘ஹவ்’ (have) ஒன்று. தம்பி இருப்பதைச் சொல்லவும் அந்த வினைதான், சைக்கிள் இருப்பதைச் சொல்லவும் அந்த வினைதான், காய்ச்சல் அடிப்பதைச் சொல்லவும் அந்த வினைதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை வீட்டில் இம்மூன்றையும் சொல்லும்போது “எனக்கு ஒரு தம்பி”, “என்னட்டைச் சைக்கிள் கிடக்கு”, “எனக்குக் காய்ச்சல்” என்று மூன்று வேறு அமைப்புகளில் சொல்லும். முதலாவதிலும் மூன்றாவதிலும் வினையே இல்லை. இரண்டாவதில் வினை உண்டு. ஆனால் அதற்கு எழுவாய் சைக்கிளேயன்றிப் பிள்ளை அல்ல. ஆங்கில வாக்கியத்தின் தலைப்பில் எழுவாயாக நிற்கும் ‘நான்’, தமிழில் ‘எனக்கு’ என்றும் ‘என்னட்டை’ என்றும் உருபேற்று, பொருளுக்கு இடம் விட்டு நிற்கிறது.

மொழிபெயர்ப்புப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆண்டுகளில் மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்விகளில் ஒன்று, ‘ஹவ்’ என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது என்பதாகும். பழைய கையடக்க அகராதிகள் உடைத்தாயிரு, வைத்திரு, கொண்டிரு என்று மூன்று சொற்களைத் தந்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். அவற்றை மனனம் செய்த பிள்ளை தன் தம்பியைப் பற்றி எழுதும்போது எதைப் போட்டாலும் வாக்கியம் தமிழாக வராது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுவது இந்த வினையைப் பொறுத்தவரை தவறான தேடல் என்பதும், தேடவேண்டியது சொல்லை அல்ல, உறவின் வகையை என்பதும் நான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டவை. ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ள, அந்த ஆங்கில வினை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘ஹபன்’. ஜேர்மன் மொழியின் ‘ஹாபென்’, ஒல்லாந்து மொழியின் ‘ஹெபென்’ ஆகியவை இதன் உடன்பிறப்புகள். இவற்றுக்கெல்லாம் மூலமாக, ‘பற்று, பிடி’ என்று பொருள்படும் ‘கப்’ என்னும் வேரை இந்தோ-ஐரோப்பிய முதன்மொழிக்கு மொழியியலாளர் மீட்டமைத்துள்ளனர். முதன்மொழியின் ககரம் ஜேர்மானியக் கிளையில் ஹகரமாக மாறும் என்பது, யாக்கோப் கிறிம் 1822 இல் ஒழுங்குபடுத்திக் காட்டிய ஒலிமாற்ற விதியின் ஒரு பகுதி. அதே வேர் இலத்தீனில் ககரம் கெடாமல் ‘கபெரே’ என்று, கைப்பற்றுதல் என்ற பொருளிலேயே நின்றது. சிறைபிடித்தலைக் குறிக்கும் ‘கப்சர்’, ஏற்றுக்கொள்ளுதலைக் குறிக்கும் ‘அக்செப்ற்’ என்ற ஆங்கிலச் சொற்கள் அந்த இலத்தீன் வழியாக வந்தவை. பாரமானதைத் தூக்குதலைக் குறிக்கும் ‘ஹீவ்’ என்ற வினையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இங்கே பலர் இடறும் ஓரிடம் உண்டு. இலத்தீனில் ‘உடைத்தாயிரு’ என்ற பொருளில் ‘ஹபேரே’ என்றொரு வினை இருக்கிறது. ஒலியும் பொருளும் ஆங்கில வினையோடு இவ்வளவு நெருங்கி நிற்பதால் இரண்டும் ஒன்றே என்று எவரும் நினைப்பர். ஆனால் கிறிம் காட்டிய விதியின்படி ஆங்கில ஹகரத்துக்கு நேராக இலத்தீனில் ககரம் நிற்கவேண்டும், ஹகரம் நிற்கக்கூடாது. இலத்தீன் ‘ஹபேரே’ வேறு வேரிலிருந்து வந்தது. ‘கொடு’ என்று பொருள்படும் ஆங்கில வினையான ‘கிவ்’ அந்த வேரைச் சேர்ந்தது என்று பலர் கொள்வர். ஒலி ஒத்திருப்பதை மட்டும் கொண்டு இரு மொழிச் சொற்களுக்கு உறவு கற்பிப்பது நம்மிடையேயும் பரவலாக உள்ள பழக்கமாதலால், இந்த எடுத்துக்காட்டை நான் எப்போதும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

பிடித்தலைக் குறித்த சொல், பிடித்து வைத்திருத்தலைக் குறித்து, பின்னர் கையில் பிடிக்கவே முடியாதவற்றையும் ஏற்கத் தொடங்கியது. காணியைப் பிடிக்கலாம், மாட்டைப் பிடிக்கலாம், தம்பியையும் தலையிடியையும் சந்தேகத்தையும் நேரத்தையும் எப்படிப் பிடிப்பது? ஆங்கிலம் இவை அனைத்தையும் ஒரே கைக்குள் அடக்கியது. ஸ்பானிய மொழியில் இதே பயணம் இரண்டாம் முறையும் நடந்தது. இலத்தீன் ‘ஹபேரே’யின் வழிவந்த சொல் அங்கே துணைவினையாகத் தேய்ந்துபோக, பிடித்தலைக் குறித்த வேறொரு வினையான ‘தெனேர்’ அதன் இடத்துக்கு வந்து, இன்று உடைமையைச் சொல்கிறது.

ஆங்கிலத்தில் ‘ஹவ்’ துணைவினையான கதையும் பிடித்தலிலிருந்தே விளங்கும். பழைய ஆங்கிலத்தில் ‘மீனைப் பிடிபட்டதாக வைத்திருக்கிறேன்’ என்ற அமைப்பில் வாக்கியங்கள் இருந்தன. அங்கே ‘பிடிபட்ட’ என்ற சொல் மீனுக்கு அடைமொழி; அதற்கேற்ற உருபையும் அது ஏற்கும். காலப்போக்கில் அந்த உருபு உதிர்ந்து, அடைமொழி மீனை விட்டு வினையின் பக்கம் சாய்ந்தது. கையில் மீன் இருப்பதைச் சொன்ன வாக்கியம், மீன் பிடித்து முடிந்ததைச் சொல்லும் வாக்கியமாயிற்று. அதன் பின்னர் மீனே இல்லாத இடத்திலும், ‘நான் தூங்கியிருக்கிறேன்’ என்பது போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளிலும் ‘ஹவ்’ நுழைந்தது. தமிழும் இதே நிறைவுப்பொருளைத் துணைவினையால்தான் சொல்கிறது. ஆனால் ‘வந்திருக்கிறேன்’, ‘பிடித்திருக்கிறேன்’ என்று ‘இரு’ என்பதைக் கொண்டு சொல்கிறது. ஆங்கிலம் உடைமையிலிருந்து கட்டிய காலத்தைத் தமிழ் இருப்பிலிருந்து கட்டியது. இரு மொழிகளின் இயல்பும் இந்த ஓரிடத்தில் தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

கடமையைச் சொல்லும் ‘ஹவ் ரு’ என்ற வழக்கை மட்டும் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். ‘எழுத ஒரு கடிதம் எனக்கு உண்டு’ என்பது ‘ஒரு கடிதம் எழுதவேண்டும்’ என்று இறுகியதே அது. யாழ்ப்பாணத்தில் “செய்ய வேலை கிடக்கு” என்று சொல்லிவிட்டு எழும்புகிறவர், வேலை இருப்பதை மட்டும் சொல்லவில்லை, போகவேண்டிய கட்டாயத்தையும் சொல்கிறார். பிரெஞ்சு மொழியின் எதிர்கால வினைமுற்று இதைவிடத் தூரம் சென்றது. இலத்தீனில் ‘பாட எனக்கு உண்டு’ என்ற பொருளில் நின்ற இரு சொற்கள் ஒட்டிக் கரைந்து ‘பாடுவேன்’ என்ற ஒரே சொல்லாகிவிட்டன.

தமிழில் ‘ஹவ்’ போன்ற சொல் எக்காலத்திலும் இருந்ததில்லை என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. திருக்குறளின் 430 ஆம் குறள், ‘அறிவுடையார் எல்லாம் உடையார் அறிவிலார் என்னுடைய ரேனும் இலர்’ என்கிறது. இங்கே ‘எல்லாம் உடையார்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஹவ்’ என்ற வினையை வைத்தே சொல்லுக்குச் சொல்லாக மாற்றிவிடலாம். உடையவர் எழுவாயாக நிற்கிறார், உடைமை அதற்கு அடங்கி நிற்கிறது, ‘எனக்கு’ என்ற உருபுக்கு வேலை இல்லை. உடையேன், உடையாய், உடையான் என்று மூவிடத்திலும் இது வினைமுற்றாக வரும். ஆனால் இதற்குக் காலங்காட்டும் இடைநிலை கிடையாது. காலத்தைக் குறிப்பாக மட்டும் உணர்த்துவதால் இலக்கணிகள் இதனைக் குறிப்பு வினை என்றார்கள். தொல்காப்பியம் வினையியலில் குறிப்பு வினைக்கு நிலைக்களன் கூறும்போது ‘அதுச்சொல் வேற்றுமை உடைமையானும்’ என்று உடைமையையே முதலில் வைக்கிறது. கச்சினன், கழலினன் என்று உரையாசிரியர் காட்டும் சொற்கள் ‘கச்சை உடையவன்’, ‘கழலை உடையவன்’ என்பவைதாம். பெயரிலேயே உடைமையும் உடையவனும் சேர்ந்துவிடுவதால் தனி வினை வேண்டியதில்லை.

அந்த ‘உடை’ எங்கே போயிற்று என்று கேட்டால், அது நம் வாயிலேயே இருக்கிறது. ‘என்னுடைய புத்தகம்’ என்பதிலுள்ள ‘உடைய’ அதன் பெயரெச்சம். ‘நான் உடைய’ என்ற பொருளை இன்று எவரும் அதில் காண்பதில்லை. முழு வினையாக நின்ற சொல் ஆறாம் வேற்றுமையின் சொல்லுருபாகத் தேய்ந்துவிட்டது. நம் ஊரில் இச்சொல் அதிகாரத்தின் பெயராகவும் இருந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் மணியகாரருக்கும் விதானையாருக்கும் இடையில் ‘உடையார்’ என்ற தலைமைக்காரர் இருந்ததை நம் பாட்டன்மார் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஹவ்’ என்ற வினையை அப்படியே பதவிப் பெயராக்கியது போன்றது அது.

‘கொள்’ என்ற வினையையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். பற்றுதல், ஏற்றல் என்ற பொருளில் அது அந்த இந்தோ-ஐரோப்பிய வேருக்கு மிக நெருங்கியது. ஆங்கிலேயர் திருமணச் சடங்கில் மணமகன் சொல்லும் உறுதிமொழியில், 1549 ஆம் ஆண்டின் பொது வழிபாட்டு நூலிலிருந்து இன்றுவரை ‘ஹவ்’ என்ற வினையும் பிடித்தலைக் குறிக்கும் ‘ஹோல்ட்’ என்ற வினையும் இணைந்தே வருகின்றன. தமிழில் கணவனைக் ‘கொண்டவன்’ என்பதும், சம்பந்தம் செய்யும் குடும்பங்களைக் ‘கொண்டான் கொடுத்தான்’ என்பதும் அதே உணர்வில் பிறந்தவை. ஆயினும் ‘கொள்’ உடைமை வினையாக வளரவில்லை. செய்துகொள், எழுதிக்கொண்டிரு என்று துணைவினையாகக் கிளைத்து வேறு வேலைக்குப் போய்விட்டது.

இனி வாழும் தமிழுக்கு வருவோம். யாழ்ப்பாணப் பேச்சில் ‘எனக்கு’ என்பதும் ‘என்னட்டை’ என்பதும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக மாற்றிப் போடக்கூடியவை அல்ல. ‘என்னட்டை’ என்பது ‘என்னிடம்’ என்பதன் நம்மூர் வடிவம். அதற்குள் இடம் இருக்கிறது, கைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள அண்மை இருக்கிறது. ‘எனக்கு’ என்பதில் இடம் இல்லை, உரிமையும் பிணைப்பும் உண்டு. ரியூசன் நடத்தும் ஆசிரியர் ஒருவர் “எனக்கு ரெண்டு பிள்ளையள், என்னட்டை நாப்பது பிள்ளையள்” என்று சொன்னால், கேட்பவர் எவருக்கும் குழப்பம் வராது. முதலாவது பெற்ற பிள்ளைகள், இரண்டாவது படிக்க வருகிறவர்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹவ்’ ஒன்றே. வேறுபடுத்த வேண்டுமானால் ‘மாணவர்’ என்ற பெயரைக் கொண்டுவரவேண்டும். கணினி மொழிபெயர்ப்புகளில் ‘என்னிடம் இரண்டு குழந்தைகள் உள்ளனர்’ என்ற வாக்கியத்தை அடிக்கடி காண்கிறேன். அதைப் படிக்கும்போது யாரோ தங்கள் பிள்ளைகளை அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

‘கிடக்கு’ என்பதும் நம்மூர்ப் பேச்சின் செல்வம். அரிசி கிடக்கோ, காசு கிடக்கோ, வேலை கிடக்கோ என்று அஃறிணைக்கு அதை விடுவோம். மனிதருக்கு ‘இருக்கிறார்’, ‘இருக்கினம்’ என்போம். மனிதரைக் ‘கிடக்கிறார்’ என்றால் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று பொருள். சிங்களமும் இதுபோன்ற ஒரு பிரிப்பைச் செய்கிறது. ‘மட்ட சல்லி தியெனவா’ என்றால் எனக்குக் காசு இருக்கிறது. பிள்ளைகள் இருப்பதைச் சொல்லும்போது ‘தியெனவா’ வராது, ‘இன்னவா’ வரும். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்திலேயே பிறந்த சிங்களம் ‘ஹவ்’ போன்ற வினையை வைத்திருக்கவில்லை, ‘மட்ட’ என்று நம்மைப் போலவே நான்காம் வேற்றுமையைப் பயன்படுத்துகிறது. ருஷ்ய மொழியும் ஐரிஷ் மொழியும் அரபு மொழியும் ‘என்னிடத்தில்’ என்ற அமைப்பில் உடைமையைச் சொல்கின்றன. ‘ஹவ்’ இல்லாத மொழி ஏதோ குறையுடையது என்ற எண்ணம், உலக மொழிகளை நோக்கினால் நிற்காது.

கைவசம் வைத்திருத்தலுக்கு நம்மிடம் ‘வைத்திரு’ என்ற வினை உண்டு. “அவர் கடை வைச்சிருக்கிறார்”, “மூண்டு மாடு வைச்சிருக்கினம்” என்பவற்றில் உடையவர் எழுவாயாக நிற்கிறார். ஆங்கில வினைக்கு மிக நெருங்கியது இதுதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இதற்குள் பராமரிப்பும் கட்டுப்பாடும் இருக்கின்றன. விற்கவும் விலக்கவும் கூடிய பொருளுக்கே இது பொருந்தும். மனைவியையோ கணவனையோ இந்த வினையோடு சேர்த்தால் சொல்ல வந்த பொருள் கெட்டு, சொல்லக்கூடாத பொருள் வந்துவிடும்.

நோய்க்கும் உணர்வுக்கும் ‘எனக்கு’ மட்டுமே போதும். எனக்குத் தடிமன், எனக்குத் தலையிடி, எனக்குப் பயம், எனக்குச் சந்தேகம். இவற்றோடு ‘என்னட்டை’ ஒருபோதும் சேராது, ஏனென்றால் இவை நம் கையில் இருப்பவை அல்ல, நமக்கு வந்து சேர்பவை. அண்மைக்காலத்தில் கருத்தரங்குகளில் ‘என்னிடம் ஒரு கேள்வி உள்ளது’ என்று எழுந்து நிற்பவர்களைக் காண்கிறேன். ‘ஒரு கேள்வி கேட்கவேண்டும்’ என்பதே தமிழின் இயல்பு. உணவுக்கோ ஆங்கிலம் ‘ஹவ்’ போடும் இடத்தில் தமிழ் வெவ்வேறு வினைகளைப் போடும். வந்தவரிடம் “தேத்தண்ணி குடியுங்கோ” என்பதும் “சாப்பிடுங்கோ” என்பதும் அவ்வளவே. பிறரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்விப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘ஹவ்’ வரும். தமிழில் அதற்குக் கட்டுவித்தேன், வெட்டுவித்தேன் என்று பிறவினை காத்திருக்கிறது.

இவ்வளவு வேறுபாடுகளையும் இலக்கணம் முன்பே கண்டிருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் நம் இலக்கணிகள் இரண்டாகப் பிரித்தனர். சாத்தனது கை என்பது தற்கிழமை. கை சாத்தனை விட்டுப் பிரியாது. சாத்தனது பசு என்பது பிறிதின்கிழமை. பசு நாளை வேறொருவர் பட்டிக்குப் போகலாம். பிரியும் உடைமை, பிரியா உடைமை என்று இன்றைய மொழியியல் பேசும் பாகுபாடு இதற்கு மிக அண்மையில் நிற்கிறது. ‘ஹவ்’ என்ற வினையை மொழிபெயர்க்க வரும் மாணவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டாலே பாதிப் பிழைகள் தவிரும்.

மொழிபெயர்ப்பில் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அமெரிக்க மிசன் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவிய காலம் முதல், ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கும் வேலை இங்கே இடைவிடாது நடந்தது. 1842 இல் மானிப்பாயில் அச்சான அகராதியும், அந்த மிசனைச் சேர்ந்த மிரோன் வின்சுலோ பல ஆண்டு உழைப்பின் பின் 1862 இல் சென்னையில் வெளியிட்ட அகராதியும் அந்தச் சூழலின் விளைச்சல்கள். பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் உழைத்ததும் இந்த மண்ணிலேதான். இன்று வழங்கும் பழைய திருப்புதல் அவர்களுக்குப் பிந்தியது. ஆயினும் ஒரு வசனத்தை அதிலிருந்து காட்டவேண்டும். நரிகளும் பறவைகளும் எழுவாயாக நிற்க, ஆங்கிலம் ‘ஹவ்’ என்ற வினையால் சொல்வதை அது, ‘நரிகளுக்குக் குழிகளும், ஆகாயத்துப் பறவைகளுக்குக் கூடுகளும் உண்டு, மனுஷகுமாரனுக்கோ தலைசாய்க்க இடமில்லை’ என்கிறது. ‘நரிகள் குழிகளைக் கொண்டுள்ளன’ என்று எழுத எந்த மொழிபெயர்ப்பாளரும் அன்று துணியவில்லை.

இன்று துணிகிறார்கள். ‘இப்பாடசாலை சிறந்த விளையாட்டு வீரர்களைக் கொண்டுள்ளது’, ‘அவர் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுள்ளார்’ என்ற வாக்கியங்கள் செய்திகளிலும் அலுவலகக் கடிதங்களிலும் நாள்தோறும் வருகின்றன. ‘கொண்டது’ என்பதை நான் முற்றாக மறுக்கவில்லை. உறுப்புகளால் ஒன்று அமைந்திருப்பதைச் சொல்லும்போது அது தமிழ்தான். குறள் ஏழு சீர்களைக் கொண்டது, வட மாகாணம் 5 மாவட்டங்களைக் கொண்டது. முழுமைக்கும் பகுதிக்கும் உள்ள அந்த உறவை விட்டு, உறவினருக்கும் நோய்க்கும் குணத்துக்கும் ‘கொண்டுள்ளது’ போடுவதே எனக்கு வருத்தம் தருகிறது. மகளுக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை, மாகாணத்துக்கும் மாவட்டத்துக்கும் உள்ள பிணைப்பைச் சொல்லும் சொல்லால் சொல்லிப் பழகிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அந்த வேறுபாடு காதில் விழாமலே போய்விடும்.

‘ஹவ்’ என்ற வினை நம் வாழ்வில் மிகக் கனமாக வந்து இறங்கும் இடம் காணி உறுதி. ஆங்கிலத்தில் எழுதப்படும் உறுதிகளில், திருமண உறுதிமொழியில் வரும் அதே ‘ஹவ்’, ‘ஹோல்ட்’ என்ற இரண்டு வினைகளும், காணியை வாங்குபவர் இனி அதை வைத்து ஆளலாம் என்று சொல்லும் பகுதியில் சேர்ந்து வரும். அப்பகுதிக்குச் சட்டத்தார் இட்ட பெயரும் இலத்தீன் ‘ஹபேரே’யிலிருந்தே வந்தது. ஆனால் ஒரு காணி ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்றால் என்ன பொருள் என்பதை யாழ்ப்பாணத்தார் ஒரு சொல்லில் விடமாட்டார்கள். உறுதி யாரிடம், ஆட்சி யாரிடம் என்று இரண்டாகக் கேட்பார்கள். ஒற்றி வைத்த காணியில் உரித்து உடையவருக்கே இருக்கும்; ஆனால் காசு கொடுத்தவர் அதை ஆண்டு, விளைவை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்வார். அந்தக் காணி யாருக்கு ‘ஹவ்’ என்று கேட்டால், இருவரையும் எழுவாயாக வைத்து ஆங்கில வாக்கியம் எழுதலாம். தமிழில் ‘காணி அவருக்கு, ஆட்சி இவரிட்டை’ என்று உருபே தீர்ப்புச் சொல்லிவிடும்.

யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை இதை இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத் திசாவையாக, அதாவது நிர்வாக அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்து ஒப்படைத்து, 12 தமிழ் முதலிமார் பார்த்து ஏற்றுக்கொண்ட அந்த வழமைத் தொகுப்பு, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டவலுப் பெற்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற அதன் மூன்று சொற்களும் உடைமை எந்த வழியால் வந்தது என்பதைச் சொல்பவை. முன்னோரிடமிருந்து வந்ததா, பெண்ணுக்குக் கல்யாணத்தில் கொடுத்ததா, கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்தபோது தேடியதா என்பதே அவற்றின் கேள்வி. சீதனக் காணி மனைவிக்குரியது. ஆனால் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவள் அதைக் கைமாற்ற முடியாது. அந்தப் பெண்ணுக்குக் காணி ‘உண்டு’. ஆனால் விற்கும் உரிமை முழுதாக அவளிடம் ‘இல்லை’. ஆங்கிலத்தில் ‘ஹவ்’ என்று எழுதிவிட்டுப் பின்னர் நீண்ட விளக்கம் எழுதவேண்டிய இந்த நிலையை, ‘அவளுக்கு’ என்பதற்கும் ‘அவளிடம்’ என்பதற்கும் இடையிலேயே தமிழ் தாங்கிக்கொள்கிறது. அநீதி அநீதிதான், அதைச் சரியாகச் சொல்லவாவது மொழி இடம் தருகிறது.

உறவுமுறையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘அவருக்குத் தாய் உண்டு’ என்பது சொல்லவே தேவையற்ற வாக்கியம். எல்லாருக்கும் தாய் உண்டு. நாம் “அவருக்கு அம்மா இருக்கிறா” என்றால் அம்மா உயிரோடு இருக்கிறார் என்பதைச் சொல்கிறோம். “அவவுக்குத் தேப்பன் இல்லை” என்றால் தகப்பன் இறந்துவிட்டார். உடைமையைச் சொல்ல நாம் எடுத்த ‘இரு’ என்ற வினை, தன் பழைய பொருளான உயிர்வாழ்தலை மனிதர் விடயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வினையை எடுத்துவிட்டு “எனக்கு நாலு பிள்ளையள்” என்று சொன்னால், அதில் உறவு மட்டும் நிற்கும். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கேள்வியை அந்த வாக்கியம் தொடுவதில்லை.

படிவங்கள் நிரப்ப உதவி கேட்டு வருபவர்களுக்கு நான் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். ஆங்கிலப் படிவத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கும் கேள்வி ‘ஹவ்’ என்ற வினையில்தான் இருக்கும். தொடக்கத்தில் நான் அதை ‘உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?’ என்று கேட்டு வந்தேன். இலக்கணத்தில் எந்தப் பிழையும் இல்லை. ஒருமுறை வயதான தாய் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கு நாலு பிள்ளையள். ரெண்டு பேர் இருக்கினம். ஒராள் இல்லை. மற்றவரைப் பற்றித் தெரியாது” என்று சொன்னார். நாலு என்று சொன்ன வாக்கியத்தில் அவர் வினை போடவில்லை. இரண்டு என்று சொன்ன வாக்கியத்தில் போட்டார். நான்காவது பிள்ளைக்கு ‘இருக்கிறார்’ என்பதையும் அவரால் சொல்ல முடியவில்லை, ‘இல்லை’ என்பதையும் அவர் சொல்ல மறுத்தார். படிவத்தில் ஓர் எண்ணுக்கு மட்டும் கட்டம் இருந்தது. ‘4’ என்று எழுதினேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை “உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், அம்மா?” என்று மட்டுமே கேட்கிறேன், ‘இருக்கிறார்கள்’ என்ற சொல்லை நான் அதில் சேர்ப்பதில்லை.